இரங்கல் தீர்மானமும் கீழத்தெருக் குழாயும்

1

சென்ற வாரம் எங்கள் டவுன் கவுன்சில் கூட்டத்தில் யாரும் கேட்காமலே நான் எழுந்து நின்றுவிட்டேன். அதிலிருந்து ஊர் நினைவாகவே இருப்பதால் இதை எழுதுகிறேன்.

நான் கவுன்சிலர் அல்ல. மலாயாவில், ஈப்போவுக்கு வடக்கே ஒரு சிறு பட்டணத்துக் கவுன்சிலில் குமாஸ்தா. கூட்டம் நடக்கும்போது சுவரோர மேஜையில் உட்கார்ந்து, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார் என்று எழுதிக்கொள்வதும், மறுநாள் அதைத் தட்டெழுத்தில் அடித்து எல்லோருக்கும் அனுப்புவதும் என் வேலை. இங்கே வந்து பதினான்கு வருஷமாகிறது. அவ்வளவு காலத்திலும் கூட்டத்தில் நான் இருமியதுகூட இல்லை.

அன்று முதல் விஷயம், பழைய உறுப்பினர் ஒருவர் காலமானது. தலைவர் மரக்கடை வைத்திருக்கும் சீனர்; காரியம் மளமளவென்று நடக்க வேண்டும் அவருக்கு. "கவுன்சில் வருத்தத்துடன் பதிவு செய்கிறது. அடுத்தது, நாய் லைசென்ஸ்" என்றார்.

நான் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தேன். கைகளை முன்னால் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்தேன். சற்று நேரம் கழித்துத்தான், அறையில் நிற்பவன் நான் ஒருவன் மட்டுமே என்று தெரிந்தது.

"குமாஸ்தா, என்ன வேண்டும்?" என்று தலைவர் மலாயில் கேட்டார்.

இறந்தவருக்காக நிற்கிறேன் என்று சொல்ல வேண்டும். பதற்றத்தில் என் மலாய் பாதியில் நின்றுபோய், "நான் இறந்தவன், ஐயா" என்ற அளவில் வெளியே வந்தது.

தலைவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அப்படியானால் உட்காரலாம்" என்றார். கவுன்சில் நாய் லைசென்ஸுக்குப் போயிற்று.

வீட்டில் சொன்னபோது என் மனைவி சிரிக்காமல் இருக்க முயன்றாள். என் மகன் சேகர் அந்த முயற்சியும் செய்யவில்லை. பதின்மூன்று வயது, இங்கேயே பிறந்தவன், இங்கிலீஷ் பள்ளியில் படிக்கிறான். "உட்கார்ந்துகிட்டே வருத்தப்பட்டா கவுன்சில்ல ஒத்துக்க மாட்டாங்களா, அப்பா?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல, மூன்று வருஷத்துக்கு முன் நான் லீவில் ஊருக்குப் போன கதையைச் சொல்ல வேண்டியதாயிற்று.

2

எங்கள் ஊர் புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகும் சாலையில் பாதி வழியில் இருக்கிறது. சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்து வருஷங்கள் ஆகியும், பஸ் தாமதமாக வந்தால்கூட "சமஸ்தானத்திலே இப்படியா இருந்துச்சு?" என்று கேட்கிறவர்கள் உள்ள ஊர். அப்போதும் பஸ் தாமதமாகத்தான் வந்தது என்பது என் டைரியில் இருக்கிறது. அதை நான் யாரிடமும் காட்டவில்லை.

நான் தங்கியது என் தங்கை கமலம் வீட்டில், கீழத்தெருவில். அவள் கணவர் மாணிக்கம் பஸ் நிற்கும் இடத்தில் சோடாக்கடை வைத்திருக்கிறார். பஞ்சாயத்து போர்டில் கீழத்தெருவின் மெம்பர். சோடா பாட்டிலின் கோலியை அமுக்குகிற வேகத்திலேயே பேசுவார். எலெக்‌ஷனில் அவர் கொடுத்த வாக்கு ஒன்றே ஒன்று: கீழத்தெருவுக்குத் தண்ணீர்க் குழாய்.

ஊரில் புதிதாக மேல்நிலைத் தொட்டி கட்டி, முக்கியமான தெருக்களில் குழாய் போட்டிருந்தார்கள். கீழத்தெரு மட்டும் விட்டுப்போயிற்று. கையில் மிச்சம் இருந்த இரும்புக் குழாய் இன்னும் ஒரே ஓர் இடத்துக்குத்தான் காணும். அதைத் தன் மில் தெருவுக்குக் கேட்டார் ரைஸ்மில் சிதம்பரம். அவரும் மெம்பர்தான். மில் தெருவின் மேற்கு முனையில் ஏற்கெனவே ஒரு குழாய் இருந்தது. தம் மில் வாசல் இருக்கும் கிழக்கு முனையிலும் ஒன்று வேண்டும் என்பது அவர் கட்சி.

இதில் அடிபட்டது என் தங்கை மகள் சரோஜா. ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். படிப்பு புதுக்கோட்டையில், போக்குவரத்து பஸ்ஸில். கமலத்துக்கு ஊருணிப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு பிடித்துக்கொண்டதிலிருந்து, காலையில் மில் தெருக் குழாய்க்குக் குடம் எடுத்துப் போவது சரோஜா. அந்தத் தெருக்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் வெளியாருக்கு முறை வரும். அவள் கடைசிக் குடத்தோடு திரும்பும்போது முதல் பஸ் போயிருக்கும். இரண்டாவது பஸ்ஸில் போனால் பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பு முடிந்திருக்கும். "இப்படி வருவதானால் பெயரை எடுத்துவிடுவோம்" என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

நான் போய் இறங்கிய அன்றே கமலம் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள்.

"இந்தா பாருங்கண்ணே, ஒங்க மாப்பிள்ளைக்கு இந்த மாசம் கெடு. கொழா வந்தா அவ பள்ளிக்கூடம் போகட்டும். வரலையா, படிச்சது போதும்னு நிறுத்திப்புடுவேன். பாதி நாள் படிக்கிறதுக்குப் பஸ்ஸுக்கு வேற அழுகணுமா?"

"வரும், வரும். அஜண்டாவுல நாலாவது அய்ட்டமா இருக்கு" என்றார் மாணிக்கம்.

"மூணு மாசமா நாலாவதாத்தானே இருக்கு?"

சரோஜா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, "மாமா, மலாயாவுல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே வீடா?" என்று மட்டும் கேட்டாள்.

3

பஞ்சாயத்துக் கூட்டத்தைப் பார்க்க நான் ஆசையோடு போனேன். சமையல்காரன் இன்னொருவர் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரிதான். அறிவிப்புப் பலகையில் விஷயங்களை வரிசையாக எழுதி ஒட்டியிருந்தார்கள். சந்தை ஏலம், பஞ்சாயத்து ரேடியோவை எத்தனை மணிவரை பாட விடுவது, தெருவில் திரியும் பன்றிகள், நான்காவது கீழத்தெருக் குழாய். பொதுமக்களுக்கு என்று சுவரோரம் ஒரு பெஞ்சு. அதில் உட்கார்ந்தேன்.

பிரசிடெண்ட் வயதானவர், நல்ல மனிதர், யாரையும் கோபித்துக்கொள்ளாதவர். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வதற்குள் சிதம்பரம் எழுந்தார்.

"பிரசிடெண்ட் அவர்களே, மனசு ரொம்பச் சங்கடமா இருக்கு. நம்ம பஞ்சாயத்துல முந்தி மெம்பரா இருந்த பெரியவர் ஒருத்தர் தஞ்சாவூர்ல மக வீட்டுல காலமாயிட்டாரு. அவருக்கு அனுதாபம் தெரிவிச்சு, மரியாதைக்காகக் கூட்டத்தை ஒத்திவைக்கணும்னு கேட்டுக்கிறேன்."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் நின்றேன். மௌனம். பிறகு பிரசிடெண்ட் கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். கூட்டம் அடுத்த வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. ஓட்டலிலிருந்து வந்த வடையும் காபியும் மட்டும் ஒத்திவைக்கப்படவில்லை.

வடையின் எண்ணெயை இலையில் ஒற்றிக்கொண்டே மாணிக்கம் என் பக்கம் வந்தார்.

"பாத்தீங்களா மச்சான்? இது மூணாவது சாவு. போன மாசம் ஒரு வாத்தியாரு. அதுக்கு முந்தி, கொளத்தூர்ப் பக்கம் ரிட்டையர் ஆன தாசில்தாரு. அவரை இவரு பாத்ததுகூடக் கெடையாது. பேப்பர் வந்தா மொதல்ல சாவுச் செய்தியத்தான் படிக்கிறாரு."

"அவருக்கு இதில் என்ன லாபம்?"

"அவரு பக்கம் ஓட்டுப் போடுற ரெண்டு மெம்பரு காசிக்குப் போயிருக்காக. அவுக வர்றவரைக்கும் இழுக்கணும். வந்துட்டா கொழா மில்லு வாசலுக்குப் போயிரும்."

"நீங்கள் எதிர்த்துப் பேசலாமே?"

மாணிக்கம் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "செத்தவுகளை எதுத்து ஓட்டுப் போடச் சொல்றீங்களா, மச்சான்? அடுத்த எலெக்‌ஷன்ல எனக்கு யாரு போடுவாக?"

4

இந்த இடத்தில் மலாயா அனுபவத்தை வைத்து நான் உதவி செய்தேன்.

எங்கள் கவுன்சிலில் எதற்கு முன் எது, எதற்குப் பின் எது என்று விதி உண்டு. இரங்கலுக்கு அங்கே தனி விதி இல்லை; இருந்தாலும் அதே பாணியில், தமிழில், மாணிக்கத்துக்கு ஒரு தீர்மானம் தயார் செய்து கொடுத்தேன். 'இனி இரங்கல் தீர்மானங்கள் நிகழ்ச்சி நிரலின் கடைசியில் எடுத்துக்கொள்ளப்படும்.' ஒரே வரி. நடுவில் கமாகூட இல்லை. மாணிக்கம் இரண்டு நாள் கடையில் அதை மனப்பாடம் செய்தார். பன்னீர் சோடா கேட்டவருக்குக் கலர் சோடா கொடுத்தார் என்று புகார் வந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் எழுந்து அதைப் படித்ததும், அறையில் யாரோ கையில் பிடித்திருந்த சொம்பைக் கீழே போட்டது போல ஓர் அதிர்ச்சி. பிரசிடெண்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மாணிக்கம், என்னப்பா இது? பன்னியப் பத்தியெல்லாம் பேசி முடிச்சுப்புட்டு, அப்பறம் செத்தவுகளுக்கு எந்திரிச்சு நிக்கிறதா?"

"வெளியூர்ல அப்படித்தானுங்க செய்றாக."

"எந்த ஊர்ல?"

மாணிக்கம் என் பக்கம் பார்த்தார். மெம்பர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் எழுந்து, இது சாதாரண நடைமுறை விஷயம் என்றும், மரியாதைக் குறைவாக நினைக்கவில்லை என்றும் சொன்னேன்.

சிதம்பரம் மிகவும் மரியாதையாகத்தான் கேட்டார். "மலாயாவுல யாராச்சும் செத்தா, மொத வேலையெல்லாம் முடிச்சுப்புட்டுத்தான் அழுவாகளா, தம்பி?"

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தார். தீர்மானத்துக்கு வழிமொழிய ஆள் இல்லை. அது விழுந்தது.

பிறகு கூட்டம் ஒழுங்காகவே நடந்தது. சந்தை ஏலம் முடிந்தது. ரேடியோ விஷயத்தில் விவசாய நிகழ்ச்சி முடிந்தவுடன் நிறுத்திவிடலாம் என்று ஒரு கட்சி. பாட்டுக் கச்சேரி முடியட்டும் என்று இன்னொரு கட்சி. கச்சேரிக் கட்சி வென்றது. பன்றிகளைப் பிடிக்க ஆள் வைப்பதா, பன்றிக்காரர்களுக்கு நோட்டீஸ் கொடுப்பதா என்று நெடுநேரம் பேசி, நோட்டீஸ் என்று முடிவாயிற்று. அதன் பிறகு பிரசிடெண்ட் வழக்கப்படி ஊர்ச் செய்திகளைச் சொன்னார். யார் வீட்டுப் பையன் இன்டர் பாஸ், எந்தக் கோயிலில் காப்புக் கட்டு, அம்மை குத்துகிறவர் எந்தத் தெருவுக்கு என்றைக்கு வருகிறார். ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருந்தது. என் கவுன்சிலில் இப்படி ஒரு பகுதி கிடையாது.

"நாலாவது, கீழத்தெருக் கொழா" என்றார் பிரசிடெண்ட்.

மாணிக்கம் எழுந்தார். அதே நேரம் மில் கணக்குப்பிள்ளை வாசலில் வந்து நின்று சிதம்பரத்தின் காதில் ஏதோ சொன்னார். சிதம்பரம் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

அறந்தாங்கிப் பக்கத்துப் பஞ்சாயத்துப் பிரசிடெண்டின் மாமனாராம். எல்லோரும் நின்றோம்.

5

அன்று வீட்டில் கமலம் எல்லாப் பாத்திரத்தையும் ஓசையோடு வைத்தாள். சரோஜாவின் பள்ளிக்கூடப் பை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த வாரம் அவள் ஒரு நாள்தான் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

கடைசியில் கமலமே ஆரம்பித்தாள்.

"மாமனாருக்கெல்லாம் நின்னுட்டு வந்தீகளாக்கும்?"

"நிக்காம என்ன செய்ய?"

"நில்லுங்க, நல்லா நில்லுங்க. சும்மா மரம் மாதிரி நின்னா செத்தவுகளுக்கு என்ன வந்துச்சு? எங்க அய்யா செத்தப்ப, அவரு பேரச் சொல்லி அந்தக் கோடையில ரோட்டோரம் தண்ணிப்பந்தல் வச்சோமே, அது மரியாதை. ஒங்க பஞ்சாயத்துல இத்தனை பேருக்கு எந்திரிச்சீகளே, ஒருத்தர் பேரச் சொல்லியாச்சும் ஒரு சொம்பு தண்ணி ஊத்தியிருக்கீகளா?"

மாணிக்கம் சாப்பிடுவதை நிறுத்தினார். சோற்றில் கை அப்படியே இருந்தது.

"என்ன?" என்றாள் கமலம்.

"ரசம் ஊத்து" என்றார்.

அந்த வாரமே உண்மையான ஒரு சாவு நடந்தது. சிதம்பரத்தின் சொந்தப் பெரியப்பா முத்துவேல், நல்ல வயதில், தூக்கத்திலேயே போய்விட்டார். மில்லைத் தொடங்கியவர் அவர்தான். அவர் வீட்டுக் கொல்லையில் வற்றாத கிணறு ஒன்று உண்டு. அதற்கு மரத்தில் மூடி, மூடிக்கு இரும்புத் தாழ், தாழுக்குப் பூட்டு. சாவி அவர் அரைஞாணில் கிடக்கும். அந்தக் கிணற்றில் வெளியார் யாரும் ஒரு வாளி இறைத்ததாக ஊரில் சரித்திரம் இல்லை.

கூட்டத்தன்று பெஞ்சில் எனக்குப் பக்கத்தில் மொட்டைத் தலையோடு அவர் மகன் வந்து உட்கார்ந்திருந்தார். அப்பாவுக்குச் செய்யும் மரியாதையைப் பார்க்க வந்தவர். சிதம்பரம் தீர்மானத்தைப் படித்தார். இந்தத் தடவை குரல் நிஜமாகவே தழுதழுத்தது.

"வழிமொழிகிறேன்" என்று எழுந்தார் மாணிக்கம்.

சிதம்பரம் ஆச்சரியத்தோடு திரும்பிப் பார்த்தார்.

"பெரியவரு தண்ணிக்கு எம்புட்டு மரியாதை குடுத்தவுகன்னு இந்த ஊருக்கே தெரியும். கெணத்துக்கு மூடி போட்டு, மூடிக்குப் பூட்டுப் போட்டு, சாவிய உசுரு மாதிரி இடுப்புல வச்சிருந்தாக. ஒரு சொட்டு வீணாப் போனதில்லை. தண்ணியோட அருமை தெரிஞ்ச மனுசரு அவரு ஒருத்தருதான்."

மொட்டைத் தலை மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பேர்ப்பட்டவருக்கு நாம சும்மா நின்னுட்டுப் போனாப் போதாதுங்க. தண்ணியாத்தான் மரியாதை செய்யணும். அதனால இந்த இரங்கல் தீர்மானத்துலயே ஒரு வரி சேர்த்துக்கணும்னு கேட்டுக்கிறேன். அவரு ஞாபகார்த்தமா, அவரு பேருல, அவரு பொறந்த கீழத்தெருவுல ஒரு கொழா."

முத்துவேல் பிறந்தது கீழத்தெருவில்தான். பணம் வந்த பிறகுதான் மில் தெருவுக்குப் போனார். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். யாருக்கும் நினைவில் இல்லாத விஷயம்.

சிதம்பரம் மெல்ல எழுந்தார். "பெரியப்பா பேருல கொழா வைக்கிறது சந்தோசம்தான். ஆனா அவுக வாழ்ந்தது மில்லுத் தெருவுல…"

"வாழ்ந்த எடத்துலதான் கெணறு இருக்கே, அண்ணே!" என்றார் மாணிக்கம், மிகுந்த துக்கத்தோடு.

மகன் பெஞ்சிலிருந்து எழுந்துவிட்டார். இரண்டு கைகளையும் கூப்பி, "அப்பாவுக்கு அவரு பொறந்த வீட்டு மேல ரொம்பப் பிரியமுங்க. கடேசி காலத்துல அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாரு. ரொம்ப நன்றிங்க. எல்லாருக்கும் நன்றிங்க" என்றார். அழத் தொடங்கினார். அது பொய்யான அழுகை இல்லை.

பஞ்சாயத்து குமாஸ்தா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவரும் நானும் ஒரே தொழில். நோட்டீஸ் கொடுக்காத விஷயம். தெருக் குழாயை இரங்கல் தீர்மானத்துக்குள் சொருகுகிறார்கள். இது நடைமுறையில் நிற்குமா என்று அவர் பார்வை கேட்டது. நிற்காது. எங்கள் கவுன்சிலானால் ஒரு நிமிஷம் நிற்காது. நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அதில் தேதி கிழிக்காமல் இருந்தது.

"ஓட்டுக்கு விடலாமா?" என்றார் சிதம்பரம், கடைசி முயற்சியாக.

பிரசிடெண்டுக்கு முதல் தடவையாகக் கோபம் வந்தது. "இரங்கல் தீர்மானத்துக்கு ஓட்டா? ஒங்க பெரியப்பாவுக்கு வேணுமா வேண்டாமான்னு கை தூக்கச் சொல்றியா? எந்திரிங்கப்பா எல்லாரும்."

எல்லோரும் எழுந்து நின்றோம். நான் வாழ்க்கையில் எத்தனையோ பேருக்காக நின்றிருக்கிறேன். இவ்வளவு மனப்பூர்வமாக நின்றது அன்று ஒரு தடவைதான். பக்கத்தில் மகன் விசும்பினார். எதிரே மாணிக்கம் கண்ணை இறுக்க மூடியிருந்தார். அவர் உதடு துடித்தது துக்கத்தால் அல்ல என்பது அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

பிறகு, மறைந்தவருக்கு மரியாதையாகக் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. சிதம்பரம் வடை சாப்பிடவில்லை. துக்க வீட்டுக்காரர் என்பதால் யாரும் வற்புறுத்தவும் இல்லை.

6

குழாய் போடுவதைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. தெருவில் பள்ளம் தோண்ட ஆரம்பித்த நாளில் நான் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறக் கிளம்பிவிட்டேன். வண்டியில் ஏறும்போது பள்ளத்தைத் தாண்டித்தான் போனேன். கமலம் அழுதுகொண்டே, "பாத்துண்ணே, கொழாயில மிதிச்சுப்புடாதீங்க" என்றாள். அண்ணனுக்காக அழுதாளா, குழாய்க்காக அழுதாளா என்று இன்றுவரை கேட்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் கடிதத்தில் வந்தவை. தெரு முனையில் கல்லில் பெயர் வெட்டி வைத்தார்களாம். இரண்டே வாரத்தில் பெண்கள் பேச்சில் 'குழாய்' என்ற சொல் போய்விட்டது. முத்துவேல் மட்டும் நின்றார். "முத்துவேலு வந்துட்டாரா?" "இன்னிக்கு நூலாட்டம்தான் ஊத்துறாரு." "முத்துவேலுகிட்ட குடத்த வச்சுட்டு வா, ஆத்தா." உயிரோடிருந்தவரையில் ஒரு வாளி கொடுக்காத மனிதர் கீழத்தெரு முழுவதற்கும் விடியற்காலையில் ஊற்றிக்கொண்டிருந்தார். திவசத்தன்று மகன் வந்து குழாய்க்கு மாலை போட்டுவிட்டுப் போகிறாராம்.

இதன் பலன் பஞ்சாயத்திலும் தெரிந்தது. மற்ற மெம்பர்களுக்கும் வழி தெரிந்துவிட்டது. ஒரு பள்ளி வாத்தியாருக்கு இரங்கல் வந்தபோது அதில் ஒரு தெருவிளக்கு சேர்ந்துகொண்டது. ஒரு நாட்டு வைத்தியருக்கு இரங்கல் வந்தபோது ஒரு சிறு பாலம். எந்தத் தெருவில் எந்தப் பெரியவர் படுக்கையில் இருக்கிறார் என்று மெம்பர்கள் அக்கறையாக விசாரிக்க ஆரம்பித்தார்களாம். பிரசிடெண்டுக்குப் பயம் வந்துவிட்டது. இனி இரங்கல் தீர்மானங்களை நிகழ்ச்சி நிரலின் கடைசியில் எடுத்துக்கொள்வது என்று அவரே தீர்மானம் கொண்டுவந்து, அது ஏகமனதாக நிறைவேறியது. நடுவில் கமாகூட இல்லை என்று நம்புகிறேன். மலாயாக்காரன் ஒருவன் இதையே சொன்னான் என்பது யாருக்கும் நினைவில்லை.

சேகர் கதையைக் கேட்டுவிட்டு, "அப்போ சரோஜா?" என்றான். நல்ல கேள்வி. நான் அலமாரியிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். அவனுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வரும். 'ழ'வுக்கு முன் ஒரு தடவை நின்று மூச்சு வாங்குவான். இருந்தாலும் வாசிக்கட்டும் என்று விட்டேன்.

மாணிக்கம் எழுதியிருந்தது இவ்வளவு. சரோஜா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். கீழத்தெருவில் பாஸ் செய்த முதல் பெண் அவள்தான். பஞ்சாயத்துக் கூட்டத்தில் அவளுக்குப் பாராட்டுத் தீர்மானம். இரங்கல் கடைசிக்குப் போய்விட்டாலும் பாராட்டு இன்னும் முதலிலேயேதான் இருக்கிறது. இந்த வருஷம் பஞ்சாயத்துக்குப் புதிதாகக் கொஞ்சம் இரும்புக் குழாய் வந்திருந்தது. தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சிதம்பரம்.

"'இந்தப் பொண்ணு எங்க தெருக் கொழாயில வரிசையில நின்னு, எங்க தெருத் தண்ணியக் குடிச்சு வளந்த பொண்ணு. அதுக்குப் பெருமை சேர்க்கிற மாதிரி, இந்தப் பாராட்டுத் தீர்மானத்துலயே ஒரு வரி. மில்லுத் தெருக் கெழக்கு முனையில, சரோஜா பேருல ஒரு கொழா' என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார், மச்சான். என் மகளைப் பாராட்டுகிற தீர்மானம். நான் எதிர்த்து என்ன பேச? எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம் வராமல் தட்டினேன்."

சேகர் இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். என் மனைவியும் இந்தத் தடவை முயற்சியைக் கைவிட்டாள்.

"அடியில் இன்னும் இருக்கு, வாசி" என்றேன்.

அடியில் சரோஜா தன் கையால் சிறிதாக எழுதியிருந்தாள். இப்போது புதுக்கோட்டையில் ஆசிரியைப் பயிற்சிக்குப் போகிறாள். சேகர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தான்.

"மாமா, நேற்றுக் காலையில் மில் தெருவில் பெரிய சண்டை. 'சரோஜா எங்க குடத்துக்கு மட்டும் வரவே மாட்டேங்குறா, கொழுப்பு' என்று ஒரு அம்மா கத்திக்கொண்டிருந்தது. நான் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டே போனேன். முதல் பஸ்ஸில்."